கிலவேயா எரிமலையைப் பார்க்கப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

ஹவாயின் பெரிய தீவில் 1916-இல் தொடங்கப்பட்ட ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள் உயிருள்ள எரிமலைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 4,169 மீட்டர் உயரமுள்ள மௌனா லோவா. அது கடைசியாக வெடித்தது 2022-இல். இன்னொன்று கிலவேயா. நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் தேடி வருவது பெரும்பாலும் இந்தக் கிலவேயாவைத்தான். "போனால் லாவா தெரியுமா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: எரிமலை என்ன செய்கிறது என்று பாருங்கள், பிறகு தேதியை முடிவு செய்யுங்கள்

கிலவேயாவில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு, விட்டுவிட்டு வரும் வகை. சில மணி நேரமோ ஏறக்குறைய ஒரு நாளோ லாவா ஊற்றாகப் பீறிடும். சில சமயம் 300 மீட்டரையும் தாண்டும். பிறகு சட்டென்று நின்றுவிடும். அடுத்தது வரச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். இடைவெளியில் மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிய பாறை, அடியில் சேரச் சேர மலையுச்சி மெல்ல உப்புகிறது, வெடித்ததும் சுருங்குகிறது. தரையின் சாய்வை அளக்கும் கருவிகள் இந்த உப்பலைப் பதிவு செய்வதால்தான், அடுத்த வெடிப்பு எந்த நாட்களுக்குள் வரக்கூடும் என்று விஞ்ஞானிகளால் ஓரளவு கணித்துச் சொல்ல முடிகிறது.

1912 முதல் இயங்கிவரும் ஹவாய் எரிமலை ஆய்வகம் கிலவேயா பற்றி நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. பயணத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் அதைப் படியுங்கள். நேரலைக் கேமராக்களும் இருக்கின்றன. அறையை விட்டுக் கிளம்புமுன் ஒரு நிமிடம் அவற்றைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை நிலையையும் பூங்கா மூடல் அறிவிப்பையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் வேறு வேறு. எரிமலை உச்சகட்ட எச்சரிக்கையில் இருக்கும்போதும் பார்வை முனைகள் திறந்திருக்கலாம். அது அமைதியாக இருக்கும்போதும் ஒரு பாதை மூடியிருக்கலாம். எது திறந்திருக்கிறது என்பதைப் பூங்காவின் இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும்.

என் யோசனை: பூங்காவுக்குப் பக்கத்தில் குறைந்தது 3 இரவுகளாவது தங்குங்கள். காலையில் வந்து மாலையில் திரும்பும் திட்டத்தில் லாவாவைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

படி 2: போய்ச் சேரும் நேரம்

தீவின் கிழக்கே உள்ள ஹிலோ நகரிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். மேற்கே உள்ள கோனா பக்கமிருந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். காருக்கு 30 டாலர் கட்டணம், 7 நாட்களுக்குச் செல்லும். கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் வேளையில் வாகன நிறுத்தங்கள் நிரம்பி வழியும். விடியலுக்கு முன் போய்விடுங்கள். கூட்டம் குறைவு, இருட்டில் லாவாவின் நிறமும் தெளிவாகத் தெரியும்.

படி 3: கடற்கரை உடையில் வராதீர்கள்

பார்வை முனைகள் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கடலோரத்தில் வெயில் காயும்போதே இங்கே குளிர் காற்றும் மழையும் இருக்கும். மழைச் சட்டை, உள்ளே ஒரு கதகதப்பான உடை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். இறுகிய லாவாவின் விளிம்பு கண்ணாடிச் சில்லுபோல வெட்டும். செருப்போடு தடுக்கி விழுந்தால் முழங்கால் கிழிந்துவிடும். ஆளுக்கொரு டார்ச் விளக்கு வேண்டும். சிவப்பு ஒளி தருவதாக இருந்தால் கண்கள் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும், பக்கத்தில் நிற்பவர்களின் கண்ணும் கூசாது.

படி 4: காற்றைக் கவனியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் லாவாவை நினைத்துப் பயப்படுகிறார்கள். லாவா பீறிடும் இடத்துக்கு அருகில் யாரையும் விடுவதே இல்லை. உங்களைத் தேடி வரக்கூடியது வாயு. கிலவேயா கந்தக டை ஆக்சைடைப் பெருமளவில் வெளிவிடுகிறது. வழக்கமான வடகிழக்குக் காற்று வீசும்போது புகை தென்மேற்கே போய்விடும். காற்று தணிந்தாலோ திசை மாறினாலோ அதே புகை பார்வை முனைகளின் மேல் வந்து நிற்கும்.

தொண்டை கரகரத்தாலோ, தீக்குச்சி உரசியது போன்ற நெடி வந்தாலோ உடனே காருக்குத் திரும்பி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோரை இதில் கொஞ்சமும் சோதித்துப் பார்க்க வேண்டாம். இன்ஹேலரைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.

இன்னொன்று, ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வமான பெலேயின் பெயரால் அழைக்கப்படும் 'பெலேயின் கூந்தல்'. உருகிய லாவா காற்றில் இழைந்து உறைந்த மெல்லிய கண்ணாடி இழை அது. வெடிப்பு நடக்கும்போது காற்றில் மிதந்து வந்து புல்லிலும் சாலையிலும் தங்க நிறத்தில் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று தொடாதீர்கள். தோலிலும் கண்ணிலும் குத்தும். கண் உறுத்தினால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்த நாட்களில் முழுக்கைச் சட்டை அணியுங்கள். கான்டாக்ட் லென்ஸுக்குப் பதிலாக மூக்குக்கண்ணாடி போடுங்கள்.

படி 5: எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது

உவேகஹுனா, கிலவேயா பார்வை முனை, கேயனகாகோயி மூன்றும் நல்ல இடங்கள். கேயனகாகோயிக்குப் பழைய சாலையில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். காற்று அனுமதித்தால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

வேலியைத் தாண்டவே கூடாது. 2018-இல் இந்த மலையுச்சி உள்வாங்கிச் சரிந்தபோது சாலையின் ஒரு பகுதியே பள்ளத்துக்குள் போனது. உவேகஹுனாவில் இருந்த ஜாகர் அருங்காட்சியகம் நிலநடுக்கங்களில் சேதமாகி, பிறகு இடிக்கப்பட்டது. விளிம்பில் திடமாகத் தெரியும் பாறைக்கு அடியில் வெறும் விரிசலே இருக்கலாம். குழந்தைகளின் கையை விடாதீர்கள். 2024 டிசம்பரில், கூட்டத்திலிருந்து விலகிய ஒரு சின்னக் குழந்தை 400 அடிப் பள்ளத்தின் விளிம்பை நோக்கி ஓடியது. கடைசி நொடியில் தாய் எட்டிப் பிடித்தார்.

படி 6: வெடிப்பு இல்லையென்றால்

ஏமாற்றத்தோடு திரும்பிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், பூங்காவில் தவறவிடவே கூடாதது கிலவேயா இகி என்ற எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கிப் போகும் பாதைதான். 1959-இல் இங்கே லாவா 580 மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டு, பள்ளம் முழுவதும் கொதிக்கும் ஏரியாக நிறைந்தது. அந்த ஏரி இறுகிய தரையின் மேல் இன்று நாம் நடக்கலாம். பச்சைக் காட்டு வழியே 120 மீட்டர் இறங்கினால் கருந்தரை. விரிசல்களிலிருந்து இன்னும் ஆவி வரும், அந்த விரிசல்களில் ஓஹியா மரக்கன்றுகள் சிவப்புப் பூவோடு நிற்கும். சுற்றி வர 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தரையில் வழிகாட்டுவதற்காகக் கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றைக் கலைக்காதீர்கள், புதிதாகவும் அடுக்காதீர்கள். மூடுபனி இறங்கினால் பின்னால் வருகிறவர்களுக்கு வேறு அடையாளம் கிடையாது.

நாஹுகு லாவா குகைக்கு அரைமணி நேரம் போதும். 'எரிவாய்களின் தொடர்ச்சாலை' (Chain of Craters Road) 30 கிலோமீட்டர் கடல்வரை இறங்கும். வழியில் பெட்ரோலோ தண்ணீரோ கிடைக்காது, முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 7: இது ஒரு தெய்வத்தின் வீடு

ஹவாய் மக்களுக்கு இந்தப் பள்ளம் பெலே தெய்வம் வாழும் இடம். மந்திரம் ஓதிக்கொண்டோ மௌனமாகவோ யாராவது நின்றால் கேமராவைத் திருப்பாமல் விலகிப் போங்கள். ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படியும் குற்றம். ட்ரோன் பறக்கவிடவும் தடை. நேனே வாத்துகள் உலகில் ஹவாயில் மட்டுமே இயல்பாக வாழ்பவை. அவற்றுக்குத் தீனி போட்டால் அவை வாகனங்களை நோக்கி வரப் பழகிவிடும், அடிபட்டுச் சாகும். இருட்டில் திரும்பும்போது வேக வரம்புக்கும் கீழேயே ஓட்டுங்கள்.