நீலகிரியில் பல்வலி வந்தால்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வீடு பார்த்தாயிற்று, கேஸ் இணைப்பு வந்தாயிற்று, குடையும் ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று. இதோடு பக்கத்து டவுனில் ஒரு பல் டாக்டரின் போன் நம்பரையும் விசாரித்து வைத்துவிடுங்கள். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாலே சொல்வார்.

சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று இருந்துவிட்டு வருபவர்கள் அப்பாயின்ட்மென்ட்டை நினைத்து மலைக்க வேண்டாம். “வலி தாங்க முடியவில்லை, இன்றைக்கே பார்க்க முடியுமா?” என்று போனில் கேட்டால் பெரும்பாலும் நடுவில் நுழைத்துவிடுவார்கள். பணத்தை அங்கேயே கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மலையில் இடைஞ்சல் செய்வது நேரம். கிளினிக்குகள் எல்லாம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் போன்ற டவுன்களில்தான். எஸ்டேட்டிலோ ஹட்டி எனப்படும் படுகர் ஊர்ப் பக்கமோ இருந்தால் பஸ் பார்த்து வர வேண்டும், இருட்டுவதற்குள் திரும்பவும் வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுக் காட்டுமாடு மேயும் பாதையில் நடப்பது வீரம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பல கிளினிக்குகள் திறப்பதில்லை. அரசு மருத்துவமனை என்றால் காலை ஓ.பி. நேரத்துக்கே போய்விட வேண்டும். ஆகவே ராத்திரி வலித்த பல்லுக்குக் காலையிலேயே கிளம்புங்கள். படுத்தால் கூடுவதும் எழுந்து நடமாடினால் குறைவதும் பல் நரம்பு வலியின் குணம். விடிந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று இருந்தால் அடுத்த ராத்திரியும் விழித்திருக்க வேண்டியதுதான். வலி அடியோடு நின்றுவிட்டாலும் காட்டுங்கள். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம், பிறகு சீழ் பிடிக்கும்.

விடியும்வரை என்ன செய்வது? தலையணையை உயர்த்தி வைத்துப் படுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். டைலனால், பனடால் என்று வெளிநாட்டில் வாங்கிய அதே மருந்துதான் இங்கே டோலோ, கால்பால். பாராசிட்டமால் என்று கேட்டால் போதும், அளவைத் தாண்டாதீர்கள். இபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கிராம்புத் தைலம் வைப்பதானால் பஞ்சில் ஒரு சொட்டு, பல்லில் மட்டும். ஈறில் பட்டால் புண்ணாகும். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு யூகலிப்டஸ் தைலம் விற்கிறார்களே, அதை வாய்க்குள் கொண்டுபோகவே வேண்டாம். விழுங்கினால் விஷம், குழந்தைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று வீங்கிய கன்னத்தில் சுடுதண்ணீர்ப் பையை வைப்பதும் கூடாது.

மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கலாம் என்ற பழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் பல்லைத் திறந்து சுத்தம் செய்தாக வேண்டும், இல்லையென்றால் பிடுங்க வேண்டும். வீக்கமும் காய்ச்சலும் இருக்கிறதா, எந்த மருந்து வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பார். குளிரூட்டிய பஞ்சை வைத்து “கூசுகிறதா? எடுத்த பிறகும் நிற்கிறதா?” என்பார். இதில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். பஞ்சை எடுத்ததும் கூச்சம் போய்விட்டால் அடைத்தாலே போதும் என்று நம்பலாம், எடுத்த பிறகும் விண்விண் என்று நீடித்தால் பெரும்பாலும் ரூட் கேனால், அதாவது பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து அடைப்பது. அவசரப்பட்டு “ஆமா, ஆமா” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து, பென்சிலின் ஒவ்வாமை, இவற்றைப் பல்லில் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போகும்போது மாத்திரை அட்டைகளையே எடுத்துப்போவது உத்தமம்.

தாடைக்கடியிலோ கண்ணைச் சுற்றியோ வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இப்படி எது இருந்தாலும் கிளினிக் திறக்கக் காத்திருக்காதீர்கள். உடனே 108 ஆம்புலன்ஸ், நேரே பெரிய ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடு அடைபடும் என்பதையும் கணக்கில் வைத்துச் சீக்கிரமே கிளம்புங்கள்.

சிக்கலான பல் என்றால் கோவைக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2024 மே மாதத்திலிருந்து வெளியூர்ப் பதிவு வண்டிகள் மலையேற இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை, அரசு பஸ்ஸில் போனாலும் அந்தத் தொல்லை இல்லை. மே சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவார்கள், கூடுதலாக நேரம் ஒதுக்குங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மலை ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால், உள்ளே கோளாறுள்ள பல் சிலருக்குத் திடீரென்று தெறிக்கும். விமானத்திலும் இதேதான், ஆகவே ரூட் கேனாலைப் பாதியில் விட்டுவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பாதீர்கள். பல்லுக்கு மேல் கேப் என்ற உறை போடும்வரை, மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கியை மறுபக்கத்தில் கடியுங்கள், இல்லையென்றால் டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள்.