பழகிப்போனது உடம்பு அல்ல

பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. போன மாதம் திறந்து பார்த்தேன். சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்) ஸ்ட்ரிப் ஒன்றில் நாலு மாத்திரை மிச்சம், ஓரத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு.

"வயித்தால போனா ஒண்ணு போட்டுக்குவேன் கண்ணு. முந்தியெல்லாம் ஒண்ணுலயே நின்னுரும், இப்ப ஒடம்புக்குப் பழகிப் போச்சு" என்றார்.

நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான். பழகியது அத்தையின் உடம்பு அல்ல, அவர் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. பாக்டீரியா தன் டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்துகொள்ள ஜைரேஸ் என்ற நொதி வேண்டும். சிப்ரோ அதைப் பிடித்து முடக்கிவிடும். ஆனால் அந்த நொதியை உண்டாக்கும் ஜைர்-ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் அந்த நொதியின் 83ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் போய் லூசின் என்ற வேறொன்று வந்துவிடும், மருந்தால் முன்போல் பிடிக்க முடியாது.

அந்த மாற்றத்தை மாத்திரைதான் உண்டாக்கியது என்று நினைப்பதும் பெரும்பாலும் தவறு. இப்படிப்பட்ட மாற்றங்கள் தற்செயலாக முன்பே வந்துவிடுகின்றன என்று லூரியா, டெல்புரூக் என்ற விஞ்ஞானிகள் 1943லேயே காட்டினார்கள். கோடானுகோடி பாக்டீரியா பெருகும் குடலில் அப்படிச் சில எப்போதும் இருக்கும். மாத்திரை மற்றவற்றைக் கொல்ல, இவை தப்பிப் பெருகும். எங்கள் சித்தூர்ப் பக்கத்து வயல்களில் களைக்கொல்லி அடித்த பின் தப்பிய கோரை எப்படிப் பரவும் என்று பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கோர்ஸ் முடிந்தது, குடல் பழையபடி ஆகிவிட்டது என்று நம்புவது அடுத்த தவறு. ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்தே நாள் சிப்ரோ கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், பல குடல் பாக்டீரியாவில் ஜைர்-ஏ மாற்றம் பரவி, பத்து வாரம் கழித்தும் நிலைத்திருந்தது. நன்மை செய்யும் பாக்டீரியாவும் இதில் அடக்கம். அதனால் அடுத்த முறை காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், கடந்த மூன்று மாதத்தில் என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அது மாற்றலாம்.

அப்புறம், எல்லையில் வாழும் நம் பழக்கம் ஒன்று. சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்கக் கேரள அரசின் 'ஆபரேஷன் அம்ரித்' 2024இல் வந்த பிறகு கேரளக் கடைகளில் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். சரி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டில் பொள்ளாச்சியில் வாங்கிக்கலாம் என்று கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சீட்டு வேண்டும் என்ற சட்டம் அங்கேயும் அதேதான், குடலும் அதே குடல்தான்.

சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் ஓஆர்எஸ் கரைசலே போதும். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை சோர்ந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள், டப்பாவிடம் அல்ல. மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் கொட்டுவதும் தவறு, அங்கேயும் பாக்டீரியா உண்டு. அத்தையின் நாலு மாத்திரையும் இப்போது என் பையில் இருக்கிறது, மருந்துக்கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.