உதைபந்தாட்டப் பித்தர் வீட்டோடும் ஊரோடும் ஒத்து வாழ்வது எப்படி

கொழும்பில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டு, கடல் கடந்த ஓர் ஊரின் உதைபந்தாட்டக் கழகத்தை நெஞ்சில் சுமந்து திரிபவருக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீட்டிலிருந்து முப்பது வருடங்களாக இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தைப் பின்பற்றி வருவதால், உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். வேறு கழகத்தின் ஆதரவாளர் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். நான் கண்ட வழி ஒன்றுதான்: நேரத்துக்கும் கோபத்துக்கும் வீட்டாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும், கழகத்திடமும் நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்திடமும் நாம் கணக்குக் கேட்க வேண்டும். முதலாவதைச் செய்யாதவர் இரண்டாவதைச் செய்யும்போது வீட்டிலேயே எவரும் காது கொடுப்பதில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் பருவகாலம் தொடங்குவதற்கு முன்பே போட்டி அட்டவணை வெளியாகிவிடும். அதை நாட்காட்டியில் குறிக்கும் முன்னர், வீட்டாரின் நாட்களை முதலில் குறித்துவிடுங்கள்: கலியாண வீடுகள், திதி, ஆடிவேல், பிள்ளையின் தவணைப் பரீட்சை, மாமியாரின் கிளினிக் நாள். மீதியாக இருக்கும் இடத்தில்தான் 38 லீக் ஆட்டங்களும் வர வேண்டும். நேரத்தைக் கணிக்கும்போது இங்கிலாந்தின் கடிகார மாற்றத்தை மறந்துவிடக்கூடாது. அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எமக்கு ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை இரவு 7.30க்கும், அதன் பின் மார்ச் கடைசி ஞாயிறு வரை 8.30க்கும் தொடங்கும். ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக் ஆட்டம் அங்கே இரவு 8 மணி என்றால் எமக்கு நள்ளிரவு 12.30 அல்லது 1.30. சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்துத் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டுவதில்லை; மைதானங்கள் வெறுமையாகிவிடக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு அது. லிவர்பூல் நகரத்துக் கிழவர் ஒருவர் வீட்டிலிருந்து பார்க்க முடியாத ஆட்டத்தைக் கொட்டாஞ்சேனைக்காரன் சாய்மனைக் கதிரையில் கிடந்து பார்க்கலாம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு குற்றவுணர்வு கலந்த மகிழ்ச்சி உண்டு.

நள்ளிரவு ஆட்டத்துக்கு ஆயத்தம் தேவை. தேநீரைப் பத்து மணிக்கே ஊற்றிச் சுடுநீர்ப் போத்தலில் வைத்துவிடுங்கள். பின்னிரவில் கேத்தல் விசிலடித்தால் தளம் முழுவதும் எழும்பும். காதுக்குள் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். கோல் விழும்போது கடிப்பதற்கென ஒரு தலையணையை மடியில் வைத்திருங்கள், இது வேடிக்கைக்காகச் சொல்லப்படுவதன்று. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, இரவில் விழித்திருந்தவர் காலையில் எல்லோருக்கும் முன்னர் எழும்ப வேண்டும் என்பது. ஆட்டம் இருந்த இரவின் மறுநாள் காலையில் பாண் வாங்குவதும் மகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வதும் எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தை நான் ஒரு தடவைகூட மீறாததால், மனைவி ஒரு தடவைகூட "இன்றைக்கு என்ன ஆட்டம்?" என்று முகம் சுளித்துக் கேட்டதில்லை.

தொடங்கிய ஆட்டத்தை முடியும்வரை பார்ப்பதும் அதே ஒப்பந்தத்தில் அடக்கம். அதற்கு ஒரு கதை உண்டு. 2005 மே 25 அன்று இஸ்தான்புல் நகரில் ஏ.சி. மிலான் அணிக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடந்தது. அந்நாளில் இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆகவே ஆட்டம் எமக்குப் பின்னிரவு 12.45க்குத் தொடங்கியது. இடைவேளையின்போது லிவர்பூல் 3-0 எனப் பின்தங்கியிருந்தது. நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அன்று தூங்காமல் இருந்ததற்காக என்னையே ஏசிக்கொண்டு படுத்துவிட்டேன். இரண்டாவது பாதியில் ஆறு நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள் விழுந்ததையும், தண்ட உதைகளில் கிண்ணம் கிடைத்ததையும் மறுநாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் விரித்த பத்திரிகையிலிருந்துதான் அறிந்தேன். இருபது வருடங்களாக மச்சான் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் மன்செஸ்டர் யுனைட்டட் ஆதரவாளர் என்பதால் சலிக்காமல் சிரிக்கிறார்.

தோல்வியைக் கையாள்வதே வீட்டில் கடினமான பகுதி. ஒருமுறை, முந்தைய இரவு கடைசி நிமிடத்தில் வாங்கிய கோலோடு விடிந்த காலையில், மகளின் கணிதக் கொப்பியைப் பார்த்துவிட்டு அளவுக்கு மிஞ்சிச் சத்தமிட்டேன். அவள் கொப்பியை மூடிவிட்டு, "அப்பா, உங்கட கோவம் என்ர கணக்குக்கா, ராத்திரி வாங்கின கோலுக்கா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு வயது ஒன்பது, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தோல்விக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறேன்: ஆட்டம் முடிந்ததும் மாடிப்படியால் இறங்கி, ஒழுங்கை முனைவரை நடந்து திரும்பி வருவேன், வாசற்கதவைத் திறந்த பின் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மழை நாட்களில் மொட்டைமாடியின் தகரக் கூரையின் கீழ் நிற்பேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ற எல்லையை நீங்களே வையுங்கள், ஆனால் அதை வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மௌனமாகத் திரிந்தால் அது இன்னொரு வகைச் சத்தம்.

சட்டை வாங்குவது சிறிய விடயம்தான், என்றாலும் ஒரு கவனம் வேண்டும். புறக்கோட்டை நடைபாதையில் விற்கும் போலிச் சட்டைகளில், நெஞ்சின் குறுக்கே சில கழகங்களுக்குப் பந்தய நிறுவனங்களின் பெயர் இருக்கும். இங்கிலாந்தில் சிறுவர் அளவுச் சட்டைகளில் அந்தச் சின்னங்களை அச்சிடுவதில்லை. 2025-26 பருவகாலத்துக்குப் பின்னர் பெரியவர்களின் போட்டிச் சட்டைகளின் முன்பக்கத்திலிருந்தும் அவற்றை நீக்குவதற்குப் பிரீமியர் லீக் கழகங்கள் 2023இல் உடன்பட்டன. நடைபாதைக் கடைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளையைச் சூதாட்ட விளம்பரப் பலகையாக்கி அழகு பார்க்காமல், பழைய பருவகாலச் சட்டை ஒன்றைத் தேடி எடுங்கள்.

இனி, பொது விடயங்களைப் பேசும் முறை. உதைபந்தாட்டத்தில் அரசியல் வேண்டாம் என்பவரோடு நான் வாதிடுவதில்லை. பந்து உருளும் மைதானத்தின் சொந்தக்காரர் யார், நுழைவுச்சீட்டின் விலை என்ன, கூட்டத்தைக் காக்கும் பொலிஸார் யாருக்குப் பொறுப்பு என்பவை எல்லாம் அரசியல்தானே. ஆனால் வாய் திறக்கும்போது தன் பக்கத்துக் குற்றத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஒரு விதியாகக் கைக்கொள்ளுங்கள். லிவர்பூல் ஆதரவாளன் ஹில்ஸ்பரோவைப் பற்றிப் பேசும் முன் ஹெய்சலைப் பற்றிப் பேச வேண்டும். 1985 மே 29 அன்று பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு முன்னர், எங்கள் ஆதரவாளர்கள் யுவென்டஸ் ஆதரவாளர்கள் நின்ற பக்கம் பாய்ந்து சென்றார்கள். தப்பி ஓடியவர்கள் நசுங்க, சுவரும் இடிந்து விழ, 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர். மைதானம் பழுதடைந்திருந்தது, ஏற்பாடு மோசமாக இருந்தது என்பவை உண்மையே, ஆயினும் பாய்ந்தவர்கள் எங்களவர்களே. அதற்காக இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்து வருடங்களும் லிவர்பூல் மேலும் ஒரு வருடமும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும், எந்த மொழி பேசுபவராயினும், மற்றவரின் குற்றப்பட்டியலை மனப்பாடமாகவும் எம்முடையதை மறதியிலும் வைத்திருப்பவர்கள் என்பதால், இந்தப் பயிற்சி மைதானத்துக்கு வெளியேயும் உதவும்.

அதன் பின்னரே ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதிக்கு வந்த லிவர்பூல் ஆதரவாளர்கள், பொலிஸார் திறக்கச் சொன்ன வாயிலால் உள்ளே வந்து, கம்பி வேலியிட்ட அடைப்புகளுக்குள் நெரிபட்டு இறந்தார்கள். சில நாட்களில் 'த சன்' பத்திரிகை இறந்தவர்களின் மீதும் உயிர் தப்பியவர்களின் மீதும் பழியைப் போட்டது. அந்தப் பத்திரிகையை லிவர்பூலில் இன்றும் பெரும்பாலோர் வாங்குவதில்லை. முதல் விசாரணை 1991இல் அதனைத் தற்செயலான சாவு என்றது. குடும்பங்கள் விடவில்லை. 2016இல் புதிய விசாரணையின் யூரர்கள் 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ஆதரவாளர்களின் நடத்தை அதற்குக் காரணமில்லை என்றும் முடிவு செய்தார்கள். அன்று மூளை பாதிக்கப்பட்டு உயிர் தப்பியவர் 2021இல் இறந்தபோது எண்ணிக்கை 97 ஆகியது. இத்தனைக்கும் பிறகு அந்தச் சாவுகளுக்காக எவரும் சிறைக்குச் செல்லவில்லை.

இதை மகளுக்குச் சொன்னபோது, அவள் கிளிநொச்சி அம்மாக்களைப் பற்றிக் கேட்டாள். 2017 பெப்ரவரியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தின் படங்களைச் செய்தியில் கண்டிருந்தாள்: மடியில் புகைப்படம், வெயில், தகரக் கொட்டகை. இரண்டும் ஒன்றல்ல என்றேன். அளவிலும் காரணத்திலும் ஒப்பிட முடியாதவை. ஆனால் லிவர்பூலில் ஒரு தாய் இருபத்தேழு வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நடந்ததை உருக்கத்தோடு பேசுகிறவர், ஏ-9 வீதியோரத்தில் இருக்கும் தாயை "இன்னுமா?" என்று கேட்டால், அவருடைய சிவப்பு லிவர்பூல் சட்டைக்கு என்ன அர்த்தம்? குடும்பக் கூடல்களில் இதைச் சொன்னால் சாப்பாட்டு மேசை அமைதியாகிவிடும். அமைதியாகட்டும். சொல்லும்போது குரலை உயர்த்தாமல் இருப்பதும், கொத்து ரொட்டி ஆறும் முன் பேச்சை மற்றவரிடம் விடுவதும் மட்டுமே உங்கள் கடமை.

கழகத்திடம் கணக்குக் கேட்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2016 பெப்ரவரியில் நடந்தது. புதிய பார்வையாளர் கூடத்தில் நுழைவுச்சீட்டின் உச்ச விலை 77 பவுண் என்று கழகம் அறிவித்ததும், சண்டர்லாண்ட் அணியுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாட்களில் கழகம் மன்னிப்புக் கேட்டு விலையை மீளப்பெற்றது. 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் என்ற தனிப் போட்டியை அமைக்க முயன்ற 12 கழகங்களில் லிவர்பூலும் ஒன்று. ஆதரவாளர்கள் வீதிக்கு வந்ததும் இரண்டே நாட்களில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் பின்வாங்கின.

இதே கேள்வியை நாம் இங்கே கேட்கிறோமா? 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா, வெளித் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அதற்கிடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்துக்கு எமது அணி போகவில்லை. 1995இல் இதே கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று அந்தக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு இது. அந்த ஏழு மாதங்களில், ஐரோப்பிய வீரர்களின் இடமாற்றத் தொகையைப் பவுண் கணக்கில் ஒப்பிக்கும் நண்பர்களுள் ஒருவராவது தடையைப் பற்றி வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. நானும் திறக்கவில்லை. தடை நீங்கி ஒரு வருடம் சென்று, 2024 செப்டெம்பரில் எமது அணி கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்ற செய்தியைப் படித்தபோதுதான் வெட்கம் வந்தது.

ஆகவே மாதத்துக்கு ஒரு ஆட்டமாவது நேரில் சென்று பாருங்கள். சுகததாச அரங்கு, குதிரைப் பந்தயத் திடல், சிட்டி லீக் மைதானம் எல்லாம் பஸ்ஸிலோ முச்சக்கரவண்டியிலோ போகக்கூடிய தூரத்தில்தான் உள்ளன. கொம்பனித்தெருவின் ஜாவா லேன், புறக்கோட்டையின் சோண்டர்ஸ், ரினோன் போன்ற கழகங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தால் ஆட்டத்தோடு அரை நூற்றாண்டு வரலாறும் இலவசமாகக் கிடைக்கும். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற், மருதானை ஸாஹிரா போன்ற கல்லூரிகளின் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, சில்லறைக் காசு ஆகியவற்றோடு போங்கள். மாலை மழைக்குக் குடையும் தேவை, அதை விரிக்கும் முன் பின்வரிசைக்காரரைத் திரும்பிப் பாருங்கள். மத்தியஸ்தரைத் திட்டும் சொற்கள் மூன்று மொழிகளிலும் காதில் விழும். அவற்றில் எதை வீட்டில் சொல்லக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. எந்த அணியை ஆதரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இடைவேளைக்குள் பிள்ளை தானாகவே ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்; என் மகள் பிடித்தது தோற்றுக்கொண்டிருந்த பக்கத்தை, அதுவும் அவர்களுடைய கோல் காப்பாளரின் பச்சைக் கையுறைக்காக.