லீவில் வருபவரை வீட்டுக்குப் பழக்குதல்

லடாக் போன்ற உயரமான இடங்களுக்குப் போகும் படைவீரரை ராணுவம் ஒரே மூச்சில் மேலே ஏற்றிவிடுவதில்லை. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரையுள்ள உயரத்தில் 6 நாள்கள், அங்கிருந்து 15,000 அடி வரை 4 நாள்கள், அதற்கும் மேலே என்றால் இன்னுமொரு 4 நாள்கள் என்று உடம்பைப் பழக்கிய பிறகே காவல் பணியில் நிறுத்துகிறார்கள். ஏறுவதற்கு இப்படி நிலைகள் உண்டு. இறங்கி வீட்டுக்கு வருவதற்கு நிலைகளை வகுப்பது வீட்டார் பொறுப்பு. ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்துக் கிராமமொன்றில் பதினேழு ஆண்டுகள் பட்டாளத்துக்காரரின் மனைவியாகக் குடித்தனம் நடத்தி, சில லீவுகளைக் கெடுத்தும் சிலவற்றை ஒழுங்காகக் கழித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு என்றாலும், அவை எப்போது கைக்கு வரும் என்பது யூனிட்டின் நிலைமையைப் பொறுத்தது. ஆகையால் அவர் ரயில் ஏறிவிட்டேன் என்று சொல்லும் வரை பிள்ளைகளிடம் தேதி சொல்லாதீர்கள். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட அன்று ‘அப்பா வந்துவிடுவார்’ என்று நான் வாய்விட்டுச் சொல்லி, கம்பம் பிடுங்கி நோம்பி முடிந்த பிறகும் அவர் வராமல் போனதில், என் மகன் அடுத்த இரண்டு மாதம் நான் சொன்ன எதையும் நம்பவில்லை.

ஜம்முவின் கத்ராவிலிருந்து வரும் ஹிம்சாகர் ரயிலிலோ, அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸிலோ இரண்டு மூன்று இரவுகளைக் கழித்து ஈரோட்டில் இறங்குபவருக்கு முதலில் வேண்டியவை குளியலும் தூக்கமும். உறவுக்கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போகவேண்டாம். ஒருவர் போனால் போதும். முதல் நான்கு நாள்களுக்கு எந்த ஊருக்கும், எந்த விருந்துக்கும், யார் வீட்டு விசேஷத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயரத்தில் பசி மந்தப்பட்டு இளைத்து வந்தவரைக் கண்டதும் ‘என்ன கண்ணு, எலும்பும் தோலுமா வந்திருக்கே’ என்று கறிச்சட்டியை அடுப்பிலேற்றுவது என் மாமியாரின் வழக்கம். அன்பு புரிகிறது, வயிறு கேட்பதில்லை. அரிசிம்பருப்புச் சாதம், ரசம், தயிர் என்று தொடங்கி, கறியை ஐந்தாம் நாளுக்குத் தள்ளுங்கள். சித்திரை வெயிலில் ஈரோடு 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது பனியிலிருந்து வந்த உடம்பு சோர்ந்துதான் கிடக்கும்.

தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் ‘எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க?’ என்பதைத் தடுக்க வழியில்லை. வீட்டுக்குள் மட்டும் அந்த இரண்டாம் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.

அடுத்து வருவதுதான் கடினமான பகுதி. அவர் இல்லாதபோது வீடு நின்றுவிடவில்லை. பால் சொசைட்டிக்குப் போனது, பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது, கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஒரு லீவில் மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போனார். அதற்கு முந்தைய ஆடியில்தான் நான் செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டரைப் பொருத்தியிருந்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கரண்டு வந்ததும் அடுப்படியில் நின்றபடியே வழக்கம்போல் போனை அழுத்தினேன். மோட்டார் ரூமுக்குள் பழைய பச்சைப் பட்டன் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தவருக்கு முன்னால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியிருக்கிறது. திரும்பி வந்தவர், ‘நான் இல்லாமலே எல்லாம் ஓடுதுங்க’ என்று என் மாமனாரிடம் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று முழுக்க வேறெதுவும் பேசவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன்: நான்காம் நாள் மாலையில் தோட்டத்தையும் வீட்டையும் அவரோடு ஒரு சுற்று நடந்து, மாறியவற்றை நானே காட்டிவிடுவேன். புதுப் பூட்டு, விற்ற எருமை, அடைத்த கடன், உடைந்த ஓடு எல்லாம் அதில் அடங்கும். ‘உங்களுக்கு இதெல்லாம் தெரியாது’ என்ற வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட வேண்டும். பிறகு உண்மையிலேயே ஆள் தேவைப்படும் ஒரு வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். பொய்யாக ஒதுக்கிய வேலையைப் பட்டாளத்துக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அவர் பங்குக்கு அவரும், நடக்கிற முறையை முதல் இரண்டு வாரம் மாற்றாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீடு பட்டாளத்துப் பாரக் ஆகாது என்பதைக் கணவரிடம் நான் சிரித்துக்கொண்டே சொல்லப் பல ஆண்டுகள் ஆயின.

பிள்ளைகள் விஷயத்தில், ‘அப்பா வரட்டும், சொல்லித் தரேன்’ என்று ஆண்டு முழுக்க மிரட்டிவிட்டு, வந்தவரிடம் பிள்ளை ஒட்டவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. சிறு குழந்தையை இழுத்து மடியில் திணிக்காதீர்கள். அவர் தரையில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதுவரை அம்மாவின் பக்கத்தில் படுத்த பிள்ளையை வந்த அன்றே அப்பத்தாவிடம் தள்ளினால், பறித்தவர் அப்பாதான் என்றே அதன் மனத்தில் பதியும். படுக்கும் இடத்தை அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றிப் பழக்கிவிடுங்கள். வளர்ந்த பையனை டியூஷனுக்கு வண்டியில் கொண்டுவிடும் வேலையை அவரிடம் கொடுங்கள். முகம் பார்க்காமல் வண்டியில் போகும்போதுதான் என் மகன் தன் அப்பாவிடம் கணக்கில் தோற்றதைச் சொன்னான்.

நாள்களைப் பங்கிடுவதில் சண்டை வரும். குலதெய்வம் கோயில், பிள்ளைகளின் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு, பழனி, நிலுவையில் உள்ள மொய் வீடுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிட்டு, கணவனும் மனைவியும் மட்டும் போகிற ஒரு நாளையும் அதே பேனாவால் குறியுங்கள். நாங்கள் கூட்டமில்லாத வேலை நாளில் கொடிவேரி அணைக்குப் போவோம். பெற்றவளுக்கும் மகனோடு தனியாக ஒரு நாள் வேண்டும் என்பதை மருமகள்கள் மறந்துவிடுகிறோம். ராணுவக் கேன்டீன் மது பாட்டிலுக்காக மட்டும் எட்டிப்பார்க்கும் பங்காளிகளுக்குக் காலண்டரில் இடமில்லை.

மூன்றாம் வாரத்தில் இரண்டு காலைகளைக் காகித வேலைக்கு ஒதுக்குங்கள். திருமணமும் குழந்தை பிறப்பும் ராணுவத்தின் குடும்ப விவரப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கின்றனவா, அதிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா, வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்காக இருக்கிறதா, வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காகப் பின்னாளில் அலையும் குடும்பங்கள் உண்டு.

தூக்கமின்மை, சிறு சத்தத்துக்குத் திடுக்கிடல், காரணமில்லாத கோபம் ஆகியவை முதல் சில நாள்களில் இருப்பது இயல்பு. வாரங்கள் கடந்தும் நீடித்தாலோ, குடி கூடினாலோ, ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் மருத்துவரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். பணியில் இருப்பவருக்கு வெலிங்டனில் ராணுவ மருத்துவமனையும் உண்டு.

கிடா விருந்தைப் புறப்படும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். சமவெளியில் இவ்வளவு நாள் இருந்துவிட்டுப் போகிறவர் மறுபடியும் முதல் நிலையிலிருந்தே உயரத்துக்குப் பழக வேண்டும். களைத்த உடம்போடு அனுப்பக்கூடாது. கொள்ளுப்பொடியும் நாட்டுச்சர்க்கரையும் கட்டும்போது அவருடைய அறைத் தோழர்களுக்கும் சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு மிஞ்சாது.

போன பிறகும் அவர் கையில் ஒரு வேலை இருக்கும்படி செய்யுங்கள். மோட்டார் தானாக ஓடிய அந்த லீவு முடிவதற்குள் ஸ்டார்ட்டரில் என் எண்ணோடு அவருடைய எண்ணையும் பதிந்துவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்த மாதத்தில் ஓர் இரவு, நான் போனைத் தொடவே இல்லை, கிணற்றடியில் மோட்டார் ஓடிற்று. த்ரீ ஃபேஸ் கரண்டு வந்துவிட்டதென்று மகன் அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தான்.