ஆங்கிலப் புயற்சொற்களும் அவற்றின் லாட்விய நிகர்களும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

ஆங்கில–லாட்விய அகராதியில் ‘ஹரிக்கேன்’ என்று தேடினால் ‘வியெஸுல்ய்வேத்ர’ என்ற சொல் கிடைக்கும். ‘டொர்னாடோ’ என்று தேடினாலும் பெரும்பாலும் அதே சொல்தான் வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்த கடற்புயலுக்கும், ஒரு தெருவைப் பெயர்த்துவிட்டு அடுத்த தெருவைத் தொடாமலே போய்விடக்கூடிய சூறைச்சுழலுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும் என்று திகைக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் குழப்பம் தீரும்.

படி 1: ஒலியைச் சரிசெய்தல்

லாட்விய மொழியில் குறில், நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இடுவார்கள். தமிழருக்கு இது பழகிய வேறுபாடு என்பதால், சொற்களைக் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன். அழுத்தம் ஏறத்தாழ எப்போதும் முதல் அசையில் விழும். ‘வேத்ர’ என்பதில் ‘வே’ நீண்டும் அழுந்தியும் ஒலிக்க வேண்டும்; இறுதி அகரத்தை நீட்டக் கூடாது.

படி 2: வேர்ச்சொற்களைப் பிடித்தல்

‘வேத்ர’ என்பது பலத்த காற்று தொடர்ந்து வீசும் புயல். 2005 ஜனவரியில் பால்டிக் கடலோரத்தைத் தாக்கி, லாட்வியாவின் காடுகளைச் சாய்த்து, பெரும் பகுதியை இருளில் ஆழ்த்தியது இத்தகைய புயல்தான். ‘நெகைஸ்’ என்பது இடி, மின்னலோடு வரும் மழை. இதிலுள்ள ககரத்தைத் ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல் ஒலிக்கவும்.

தொடக்கநிலையினர் மிகுதியாகத் தவறுவது இந்த இரண்டு சொற்களில்தான். கோடை மாலையில் வானம் கறுத்து இடி முழங்கும்போது ஆங்கிலேயர் ‘ஸ்டார்ம்’ வருகிறது என்பார்கள். அதைக் கேட்டு ‘வேத்ர’ என்று மொழிபெயர்த்தால், இடிமழையைச் சொல்ல வந்தவர் புயற்காற்றைச் சொன்னவராகிவிடுவார். அங்கே ‘நெகைஸ்’ என்பதே பொருந்தும். எனவே ‘ஸ்டார்ம்’ என்ற சொல்லைக் கண்டவுடன் காற்றா, இடிமழையா, பனியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பனியென்றால் ‘புதெனிஸ்’, ஆங்கிலத்தின் ‘பிளிசர்ட்’ என்பதற்கும் அதுவே நிகர்.

இடிக்கு ‘பேர்குவன்ஸ்’ என்று பெயர். லாட்வியரின் பழைய இடிக்கடவுளுக்கும் அதே பெயர்தான். மின்னல் ‘ஸிபென்ஸ்’, ஆலங்கட்டி ‘க்ருஸ’.

படி 3: கூட்டுச்சொற்களைப் பிரித்தல்

சுழன்றடிக்கும் காற்று ‘வியெஸுலிஸ்’ எனப்படும். இது வேற்றுமை ஏற்கும்போது ‘வியெஸுல்ய’ என்றாகும். லகரம், நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தைத் தொடும் மெல்லொலியாகத் திரியும். அந்தத் திரிந்த வடிவத்தோடு ‘வேத்ர’ சேர்ந்தே ‘வியெஸுல்ய்வேத்ர’ பிறக்கிறது. மணலும் புயலும் சேர்ந்து மணற்புயல் ஆவதைப் போன்ற திரிபு இது. ஆகவே அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் சுழற்புயல் என்பது மட்டுமே. அளவைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. டொர்னாடோ என்று ஐயமின்றிக் குறிப்பிட வேண்டுமானால் ‘வியெஸுலிஸ்’ என்றோ ‘தொர்னாதொ’ என்றோ எழுதுவது நல்லது.

மணற்புயலுக்கு ‘ஸ்மில்ஷு வேத்ர’, பனிப்புயலுக்கு ‘ஸ்னியெக்புதெனிஸ்’ என்ற சொற்களையும் இதே முறையில் பிரித்துப் பாருங்கள்.

படி 4: கடல் எது என்று பார்த்தல்

ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் ஆகிய மூன்றும் வெப்பமண்டலக் கடல்களில் எழும் ஒரே வகைப் புயலின் பெயர்கள். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் என்றும், வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன் என்றும், இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன் என்றும் வழங்குகின்றன. பின்னிரண்டுக்கும் லாட்விய மொழியில் ‘தைஃபூன்ஸ்’, ‘த்ஸிக்லொன்ஸ்’ என்ற கடன்சொற்கள் உள்ளன. சைக்ளோன் என்ற சொல்லை 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் உருவாக்கினார் என்பதால், அது நம் வங்கக் கடலோரத்திலிருந்து பால்டிக் கரை வரை போய்ச் சேர்ந்த சொல் எனலாம்.

ஹரிக்கேனுக்கு ‘வியெஸுல்ய்வேத்ர’ என்பதோடு ‘ஒர்கான்ஸ்’ என்ற சொல்லும் உண்டு. கரீபியத் தீவுகளிலிருந்து ஸ்பானிய மொழிக்குள் வந்த ஒரே சொல்லே ஹரிக்கேனுக்கும் ஒர்கான்ஸுக்கும் மூலம். பியூஃபோர்ட் காற்றளவையின் 12ஆம் நிலைக்கும், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 33 மீட்டரும் அதற்கு மேலுமான வேகத்துக்கும், ‘ஒர்கான்ஸ்’ என்றே பெயர். காற்றின் வலிமையைச் சொல்லும்போது அதையும், பெயரிட்ட அட்லாண்டிக் புயலைச் சொல்லும்போது ‘வியெஸுல்ய்வேத்ர’ என்பதையும் தேர்ந்துகொள்ளுங்கள். புயலின் பெயரும் லாட்விய வடிவம் பெறும் என்பதால், 2005இல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது ‘வியெஸுல்ய்வேத்ர கத்ரீன’ ஆகும்.

படி 5: வாக்கியத்தில் வைத்தல்

‘நாக்’ என்றால் வருகிறது என்று பொருள். ஆங்கிலத்தில் உள்ளதுபோல் பெயருக்கு முன் ‘எ’, ‘தி’ சேர்க்கும் வழக்கம் தமிழைப் போலவே லாட்விய மொழியிலும் இல்லை. ஆகவே ‘நாக் வேத்ர’ என்றால் புயல் வருகிறது. ‘நாக் நெகைஸ்’ என்றால் இடிமழை வருகிறது. புயல்கள் பல என்றால் ‘நாக் வேத்ரஸ்’. பெயர் மட்டும் பன்மையாக, வினை மாறாமல் நிற்கும். இதே அமைப்பில் புதெனிஸ், தைஃபூன்ஸ், ஒர்கான்ஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.