போத்தலா, லீற்றரா? அளவு மாற்றும் கணக்கு

தீபாவளிக்கு முதல் நாள் 4 லீற்றர் தேங்காய் எண்ணெய் வாங்கி வரச் சொன்னார் அம்மா. கொழும்பு வெள்ளவத்தைக் கடையில் "எத்தனை போத்தல்?" என்று கேட்டார்கள். "நாலு" என்றேன். முறுக்கு பாதியிலேயே நின்றது. இங்கே எண்ணெய்ப் போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். நான் கொண்டுவந்தது 3 லீற்றர்தான். அன்று வாங்கின பேச்சில் படித்த கணக்கு இது.

படி 1: கையில் உள்ள அளவை முதலில் மில்லிலீற்றர் ஆக்குங்கள். லீற்றர் 1000, போத்தல் 750, மேசைக்கரண்டி 15, தேக்கரண்டி 5. வீட்டுக்கு இந்த நாலும் போதும். 4 லீற்றர் என்றால் 4 × 1000 = 4000.

படி 2: எந்த அலகு வேண்டுமோ அதன் மில்லிலீற்றரால் வகுங்கள். 4000 ÷ 750 = 5.33 போத்தல். அந்த .33ஐ எந்தக் கடையிலும் அளந்து தரமாட்டார்கள், ஐந்தரையாகக் கேளுங்கள். 125 மில்லிலீற்றர் மிஞ்சும், மிஞ்சட்டும். விடை சரியா என்று பார்க்க ஒரு வழி: சின்ன அலகுக்கு மாற்றினால் எண் கூட வேண்டும். 4 லீற்றருக்கு 3 போத்தல் என்று வந்தால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டீர்கள் (4 × 0.75 = 3).

படி 3: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பெயர் ஒன்று, அளவு வேறு. பிரித்தானிய கலன் (gallon) 4.546 லீற்றர், அமெரிக்க கலன் 3.785. நம் போத்தலில் சொன்னால் முன்னது ஆறு, பின்னது ஐந்து, இரண்டிலும் ஒரு சொட்டுக் கூட. ஒரே 'கலன்', ஒரு போத்தல் வித்தியாசம்! கப்பும் அப்படித்தான்: அமெரிக்கக் குறிப்பில் ஏறக்குறைய 237 மில்லிலீற்றர், மெற்றிக் கப் 250. ஒரு கப் பாலுக்கு இதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. கலியாண வீட்டுச் சமையலுக்குப் பெருக்கும்போது கவனம்.

அப்புறம், எண்ணெயைக் கிலோவில் விற்றால் அதை லீற்றர் என்று எடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தண்ணீரை விட இலேசு. ஒரு லீற்றர் சுமார் 920 கிராம்தான் நிறுக்கும்.

தண்ணீர் பில்லில் வரும் 'அலகு' ஒரு கனமீற்றர், அதாவது 1000 லீற்றர். மொட்டைமாடியில் 500 லீற்றர் தாங்கி இருந்தால், வெறுமையாகி இரண்டு தரம் நிரம்பினால் ஓர் அலகு.