கேப்டவுன் போனால் மலையை முதலில் முடித்துவிடுங்கள்

கேப்டவுன் போகிறவர்கள் டேபிள் மவுண்டனைக் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டாம். 1,085 மீட்டர் மலை, ஊரை ஒட்டியே நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். ஆனால் காற்று பலமாக அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் தென்கிழக்குக் காற்று கிளம்பினால் தட்டையான உச்சியில் வெள்ளை மேகம் படர்ந்து, விளிம்பு வழியாக வழிந்து இறங்கும். கீழிருந்து பார்க்க அழகு. மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும் முதல் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கீழே வெயில் கொளுத்தினாலும் ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும். கேபின் தரையே சுழலும் என்பதால் ஜன்னலோரத்துக்கு முண்டியடிக்க வேண்டியதில்லை.

அப்புறம், கார் எடுத்தால், கடலோர மலைச் சரிவில் போகும் சாப்மன்ஸ் பீக் சாலையை அதன் தென்முனையான நூர்ட்ஹுக்கிலிருந்து வடமுனையான ஹவுட் பே நோக்கி ஓட்டுங்கள். அங்கும் நம்மூர் போல இடப்பக்கம்தான். இந்தத் திசையில் கடலை ஒட்டிய தடத்திலேயே போவீர்கள். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் ஓரங்கட்டி நின்று பார்க்கலாம். சுங்கக் கட்டணம் உண்டு. பாறை சரியும் அபாயம் இருந்தால் சாலையை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.